காற்றாலை உறுப்புகளைக் கையாளுதல்

காற்றாலை உறுப்புகளைக் கையாளுதல் என்பது காற்றுச் சுழலிகளின் கோபுரம், சுழலிதழ், குடம், பொறிக்கூடு முதலிய பெரும் பாகங்களைத் தொழிலகத்துக்குள் தூக்குதல், திருப்புதல், உருட்டுதல், நகர்த்துதல், அடுக்கி வைத்தல், வண்டியில் ஏற்றுதல் ஆகிய பணிகளைக் குறிக்கும். இப்பணிகளால் உறுப்பின் வடிவமோ வலிமையோ கூடுவதில்லை. ஆயினும் பட்டறையின் உயரம், தூண்களின் இடைவெளி, தரையின் தாங்குதிறன், ஓர் உறுப்பின் உச்ச அளவு ஆகியவற்றைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இவையே. தொழிலாளர் உயிருக்கு ஏற்படும் பேரிடர்களில் பலவும் வெட்டும்போதோ பற்றவைக்கும்போதோ அன்றி, பாரம் தரையை விட்டு எழும்பியிருக்கும் நேரத்திலேயே நிகழ்கின்றன.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், அரியலூர் பகுதியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எஃகுக் கோபுர ஆக்கத்தில் பாரம் கையாளப்படும் முறையை விளக்குகிறது. கட்டுரையில் டன் என்பது 1000 கிலோகிராம் ஆகும்.

வரலாறு

தமிழ்நாட்டில் மின்கட்டமைப்புடன் இணைந்த முதல் காற்றாலைப் பண்ணை 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு அருகில் முள்ளக்காட்டில் அமைக்கப்பட்டது. அங்கு நிறுவப்பட்டவை 55 கிலோவாட் திறனுடைய சிறு சுழலிகள். 1990களில் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் பகுதியில் 225, 250 கிலோவாட் அளவிலான சுழலிகள் பெருமளவில் நிறுவப்பட்டன. இவற்றுள் பல, கோண இரும்புச் சட்டங்களைத் திருகாணியால் பூட்டி எழுப்பிய பின்னல் கோபுரங்களின் மீது நின்றன. பின்னல் கோபுரத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் சிலர் சேர்ந்து சுமந்துவிடலாம். சாதாரண லாரியிலும் ஏற்றலாம். எனவே அக்காலத்தில் கோபுர ஆக்கம் ஒரு பெரிய பாரந்தூக்குச் சிக்கலாக இருக்கவில்லை.

சுழலியின் திறன் மெகாவாட் அளவை எட்டியபோது நிலைமை மாறியது. 2000களில் 1.25, 1.5 மெகாவாட் சுழலிகளும், பின்னர் 2, 3 மெகாவாட் சுழலிகளும் வந்தன. பின்னல் கோபுரத்தின் இடத்தை உருளை வடிவ எஃகுக் கோபுரம் பிடித்தது. இதன் ஒரு பிரிவு 20 முதல் 30 மீட்டர் நீளமும் பல பத்து டன் எடையும் கொண்டது. கையால் தூக்கக்கூடிய ஆயிரம் துண்டுகளுக்குப் பதிலாக, எவராலும் கையால் அசைக்க முடியாத மூன்று நான்கு துண்டுகள் வந்தன எனலாம். தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி

தமிழ்நாட்டின் காற்று வளம் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய நான்கு கணவாய்களின் வாயிலில் மிகுந்துள்ளது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இவற்றுள் எதிலும் அமையவில்லை. எனினும் காற்றாலை உறுப்புத் தொழிலில் இப்பகுதியின் அமைவிடம் முதன்மையானது. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியே தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை பெரம்பலூரைக் கடக்கிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகத் தஞ்சாவூருக்கு மற்றொரு தேசிய நெடுஞ்சாலை பிரிகிறது. அரியலூர், விழுப்புரம்–திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையில் உள்ளது. பெரம்பலூர் நகருக்கு இருப்புப்பாதை இல்லை.

தெற்கே அண்மையில் உள்ள திருச்சிராப்பள்ளி, எஃகுக் கட்டமைப்புத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. 1960களில் அங்கு நிறுவப்பட்ட பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையைச் சார்ந்து பல சிறு, நடுத்தரப் பட்டறைகள் வளர்ந்தன. 1975இல் அதே வளாகத்தில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. தடித்த தகட்டை வளைத்தல், பற்றவைத்தல், கதிர்ப்படச் சோதனை செய்தல் ஆகிய திறன்கள் இப்பகுதித் தொழிலாளரிடம் ஏற்கெனவே இருந்தமையால், கொதிகலன் பாகங்களைச் செய்துவந்த பட்டறைகளால் காற்றாலைக் கோபுரங்களுக்கும் திரும்ப முடிந்தது.

அரியலூர் மாவட்டத்தின் முதன்மைத் தொழில் சுண்ணாம்புக்கல் சார்ந்த சிமென்ட் ஆகும். அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு சிமென்ட் கழகத்தின் அரியலூர் ஆலை 1979இல் உற்பத்தியைத் தொடங்கியது. சிமென்ட் ஆலையின் சுழல் உலையும் காற்றாலைக் கோபுரமும் பயனில் வேறுபட்டாலும் ஆக்கத்தில் ஒத்தவை. இரண்டும் வளைத்த தகட்டு வளையங்களை ஒன்றோடொன்று பற்றவைத்து ஆன நீண்ட உருளைகள். உலையின் பழுதடைந்த வளையத்தை வெட்டி எடுத்துப் புதியதைப் பொருத்தும் பணியில் எழும் பாரச் சிக்கல்களே கோபுர ஆக்கத்திலும் எழுகின்றன.

கையாளப்படும் உறுப்புகள்

கோபுரப் பிரிவு: உள்ளீடற்ற எஃகு உருளை. அடிப்பிரிவு தடித்த தகட்டால் ஆனது. எடை மிகுதியாதலால் இதன் நீளம் குறைவாக வைக்கப்படும். மேல்பிரிவு மெல்லிய தகட்டால் ஆனது, நீளம் கூடியது. இரு முனைகளிலும் வளைய விளிம்புகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். இவற்றைப் பட்டறையில் 'பிளாஞ்சு' என்பர்.

குடம்: சுழலிதழ்கள் பொருந்தும் வார்ப்பு. மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் பொருந்தும் பாகத்தின் பெயரே இதற்கும் பொருந்துகிறது. இழுவலிமை மிக்க உருண்டைக் கரிம வார்ப்பிரும்பால் ஆனது. தொழிலகங்களில் 'ஹப்' எனப்படும்.

பொறிக்கூடு: பற்சக்கரப் பெட்டி, மின்னாக்கி, முதன்மைத் தண்டு ஆகியவற்றை உள்ளடக்கிய கூடு. 'நாசெல்' என வழங்கும். 2 மெகாவாட் வகையில் இதன் எடை ஏறக்குறைய 70 டன் வரை இருக்கலாம். இதனுள் எடை சமமாகப் பரவியிருப்பதில்லை.

சுழலிதழ்: கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கலவைப் பொருளால் ஆனது. 2 மெகாவாட் வகையில் 44 மீட்டர் நீள இதழ் 7 டன்னுக்கும் குறைவான எடையே கொண்டது. எடையைவிட நீளமும் பரப்பும் மெலிவுமே இங்குச் சிக்கல்.

கருவிகள்

பட்டறைக் கூரையின் கீழ் இரு தண்டவாளங்களின் மீது ஓடும் மின்பாரந்தூக்கி முதன்மைக் கருவியாகும். தொழிலாளர் இதனை 'ஈஓடி கிரேன்' என அழைப்பர். இந்தியாவில் இதன் வடிவமைப்புக்கும் பயன்பாட்டுக்கும் ஐஎஸ் 3177, ஐஎஸ் 807 ஆகிய செந்தரங்கள் உள்ளன. திறந்த முற்றத்தில் கால்களுடன் நிற்கும் 'கேன்ட்ரி' பாரந்தூக்கியும் நகரும் பாரந்தூக்கியும் பயன்படுகின்றன.

கொக்கிக்கும் பாரத்துக்கும் இடையே உள்ளவை தூக்கு துணைக்கருவிகள் எனப்படும். அவற்றுள் சில:

கம்பிக் கயிறு: வலிமையானது, வெப்பத்தைத் தாங்கும். வண்ணம் பூசிய பரப்பைக் கீறிவிடும்.

துணிப்பட்டை: பாலியெசுட்டர் இழையால் நெய்தது, பட்டறையில் 'பெல்ட்' எனப்படும். பரப்பைக் காக்கும், ஆனால் கூரிய விளிம்பில் அறுந்துவிடும். ஐரோப்பியச் செந்தரத்தின்படி நிறமே இதன் திறனைக் காட்டுகிறது: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சாம்பல் 4 டன், சிவப்பு 5 டன், பழுப்பு 6 டன், நீலம் 8 டன், செம்மஞ்சள் 10 டன்னும் அதற்கு மேலும்.

விரிசட்டம்: இரு கயிறுகளையும் நேர்குத்தாக வைக்க உதவும் கிடைச் சட்டம்.

தகட்டுக் கவ்வி, காந்தத் தூக்கி: தட்டையான தகடுகளைத் தூக்குபவை. மின்காந்தத் தூக்கியில் மின்தடை ஏற்பட்டால் பாரம் விழாதிருக்க மின்கலச் சேமிப்பு வேண்டும்.

சுழற்றுருளை: உருளையைத் தாங்கி மெதுவாகச் சுழற்றும் இணைச் சக்கரங்கள். 'ரொட்டேட்டர்' எனப்படும். வளையத்தைத் தூக்கித் திருப்பும் தேவையையே இது நீக்குவதால், பாரந்தூக்கிக்கு இணையான முதன்மை உடையது.

கோபுரப் பிரிவின் ஆக்கப் படிகள்

முதலில் தகடு வண்டியிலிருந்து முற்றத்தில் இறக்கப்படுகிறது. அங்கிருந்து வெட்டுமேடைக்குச் செல்கிறது. கோபுரம் மேல்நோக்கிக் குறுகுவதால் தகடு செவ்வகமாக அன்றி, சற்றே வளைந்த பட்டையாக வெட்டப்படுகிறது. விளிம்புகள் பற்றவைப்புக்கு ஏற்பச் சரிவாகச் சீவப்பட்டபின், தகடு வளைப்புப் பொறியின் உருளைகளுக்கு இடையே செலுத்தப்படுகிறது. வளைந்து வரும் தகடு ஒரு கட்டத்தில் தன் எடையாலேயே தொய்ந்துவிடும். எனவே பாரந்தூக்கியாலோ பக்கத் தாங்கியாலோ அதனைப் பிடித்திருப்பர்.

வளையமான தகட்டின் நீளவாட்டு மூட்டு பற்றவைக்கப்படுகிறது. பற்றவைப்பு வெப்பத்தால் வட்டம் கோணுவதால், வளையம் மீண்டும் வளைப்புப் பொறிக்குச் சென்று சீராக்கப்படுகிறது. பின்னர் இணைப்புத் தடத்துக்கு வந்து மற்ற வளையங்களுடன் சேர்கிறது. முற்றம், வெட்டுமேடை, வளைப்பு, பற்றவைப்பு, மறுவளைப்பு, இணைப்பு என ஒரு வளையம் குறைந்தது ஆறு முறை தூக்கப்படுகிறது. எட்டு வளையங்கள் கொண்ட பிரிவுக்கு இது 48 தூக்குகள். இணைப்பு முடிந்தபின் தூக்குகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் ஒவ்வொரு தூக்கும் முழுப் பிரிவின் எடையைக் கொண்டது.

பிரிவு முழுமையானபின் உள்ளும் புறமும் துகள் வீச்சால் துருநீக்கி வண்ணம் பூசப்படுகிறது. இக்கட்டத்திலிருந்து கம்பிக் கயிறு பயன்படுத்தப்படுவதில்லை. வண்ணத்தில் விழும் ஒரு கீறல் கடலோரக் காற்றில் துருவின் தொடக்கப்புள்ளியாகிவிடும். தூக்குவதற்கு அகன்ற துணிப்பட்டைகளோ, விளிம்பின் திருகாணித் துளைகளில் பூட்டப்படும் சிறப்புத் தூக்குக் காதுகளோ பயன்படுகின்றன.

வளைய விளிம்பு மோதாமல் காப்பது தனிக் கவனத்துக்குரியது. இரு பிரிவுகளின் விளிம்புகள் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் அவற்றைப் பிணைக்கும் திருகாணிகள் மாறிமாறி வரும் காற்றுவிசையால் களைப்புறாமல் இருக்கும். பட்டறையில் கவனக்குறைவாக இடித்த ஒரு விளிம்பு, பல ஆண்டுகளுக்குப் பின் 80 மீட்டர் உயரத்தில் ஒரு திருகாணி முறிவாக வெளிப்படக்கூடும்.

உருளையின் வட்டத்தைக் காத்தலும் இதைப் போன்றதே. 4 மீட்டர் விட்டத்துக்கு 30 மில்லிமீட்டர் தகடு என்பது விட்டத்தில் 133இல் ஒரு பங்கு மட்டுமே. மேல்பிரிவுகளில் தகடு இன்னும் மெல்லியது. கிடையாக வைக்கப்பட்ட வளையம் தன் எடையால் நீள்வட்டமாகத் தொய்கிறது. இதனைத் தடுக்க ஆரக்கால்கள் போன்ற தற்காலிகக் குறுக்குச் சட்டங்கள் உட்புறம் பொருத்தப்படுகின்றன.

கணக்கீடுகள்

எடை: எந்தத் தூக்கும் எடையை அறிவதிலிருந்து தொடங்க வேண்டும். எஃகின் அடர்த்தி கனமீட்டருக்கு 7850 கிலோகிராம். 4 மீட்டர் விட்டமும் 30 மில்லிமீட்டர் தடிப்பும் 3 மீட்டர் அகலமும் உள்ள வளையத்தின் சுற்றளவு 12.57 மீட்டர். 12.57 × 3 × 0.03 = 1.13 கனமீட்டர். எனவே எடை ஏறக்குறைய 8.9 டன். இத்தகைய எட்டு வளையங்கள் சேர்ந்த 24 மீட்டர் பிரிவு, விளிம்புகளைச் சேர்க்காமலேயே 71 டன் ஆகும்.

கயிற்றின் கோணம்: ஒரே கொக்கியிலிருந்து இரு கயிறுகள் விரிந்து பாரத்தைத் தாங்கும்போது, ஒவ்வொரு கயிற்றிலும் எடையில் பாதி மட்டுமே விழும் எனக் கருதுவது பரவலான பிழை. கயிறு கிடைமட்டத்தோடு அமைக்கும் கோணம் குறையக் குறைய இழுவிசை கூடுகிறது. 10 டன் பாரத்துக்கு ஒவ்வொரு கயிற்றிலும் ஏற்படும் இழுவிசை:

90 பாகையில் 5 டன்
60 பாகையில் 5.8 டன்
45 பாகையில் 7.1 டன்
30 பாகையில் 10 டன்

அதாவது 30 பாகையில் ஒவ்வொரு கயிறும் முழு எடையையும் சுமக்கிறது. பட்டறையின் கூரை தாழ்வாக இருந்தால் கயிற்றைக் குறுக்கிக் கட்டும் கட்டாயம் ஏற்பட்டு, கோணம் தானாகவே குறைந்துவிடும். விரிசட்டம் பயன்படுவது இதனால்தான்.

புவியீர்ப்பு மையம்: நீண்ட பிரிவை இரு பாரந்தூக்கிகள் சேர்ந்து தூக்குவதுண்டு. அடிப்பக்கத் தகடு தடித்திருப்பதால் எடை இரண்டுக்கும் சமமாகப் பிரிவதில்லை. 60 டன் எடையும் 24 மீட்டர் நீளமும் உள்ள பிரிவின் புவியீர்ப்பு மையம் தடித்த முனையிலிருந்து 10 மீட்டரில் இருப்பதாகக் கொண்டால், அம்முனையைத் தூக்கும் பொறியில் 35 டன்னும் மறுமுனையில் 25 டன்னும் விழும். 30 டன் பொறிகள் இரண்டு போதும் என்ற கணிப்பு இங்குத் தவறிவிடும். மேலும் இரு பொறிகளின் வேகமும் ஒத்திராவிட்டால் பாரம் சாய்ந்து எடைப் பங்கு மேலும் மாறும்.

ஊசல்: கொக்கியில் தொங்கும் பாரம் ஓர் ஊசலாகும். 10 மீட்டர் கயிற்றில் தொங்கும் பாரம் ஒரு முறை ஆடித் திரும்ப ஏறத்தாழ 6.3 நொடி ஆகும்; எடை கூடினாலும் குறைந்தாலும் இக்காலம் மாறாது. ஆடும் பாரத்தைக் கையால் தடுக்கலாம் என்ற எண்ணம் சிறு பாரத்தில் பலிக்கலாம். பல டன் பாரத்தில் அது தடுப்பவரைச் சுவரோடு நசுக்கும். எனவே பாரத்தை வழிநடத்த நீண்ட கயிறு கட்டப்படுகிறது. அதைப் பிடிப்பவர் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

வார்ப்புகளைத் திருப்புதல்

குடம், அடிச்சட்டம் முதலிய வார்ப்புகளின் பல பக்கங்களைக் கடைய வேண்டியிருப்பதால் அவற்றைத் தலைகீழாகத் திருப்ப நேரிடுகிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர்ப் பகுதி வார்ப்புத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. வார்ப்பை ஒரு விளிம்பில் நிறுத்திக் கொக்கியால் இழுத்துத் திருப்பும்போது, புவியீர்ப்பு மையம் அவ்விளிம்பைக் கடக்கும் நொடியில் பாரம் தானாகவே மறுபுறம் சாய்கிறது. அந்நொடியில் கயிறு தளர்ந்திருந்தால், சாயும் பாரம் அதனைத் திடீரென இழுத்து நிலையான எடையைவிடப் பன்மடங்கு விசையை உண்டாக்கும். இரு கொக்கிகளைக் கொண்டு காற்றிலேயே திருப்புவதோ, திருப்பு மேடையைப் பயன்படுத்துவதோ பாதுகாப்பான முறைகள். திருகு வளையம் நேர்குத்து இழுப்புக்கானது. 45 பாகை சாய்த்து இழுத்தால் அதன் தாங்குதிறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

சுழலிதழும் காற்றும்

சுழலிதழ் இரு அரைக்கூடுகளாக வார்க்கப்பட்டு ஒட்டப்படுகிறது. நீண்ட அச்சின் ஒரு பாதியை நீரியல் கீல்கள் திருப்பி மற்றதன் மீது மூடுகின்றன. இதழை வடிவமைப்பாளர் குறித்த இடங்களில் மட்டுமே தாங்கவும் தூக்கவும் வேண்டும். மெல்லிய பின்விளிம்பில் பட்டை நேரடியாக அழுந்தினால் அது நொறுங்கும். ஆகவே விளிம்புக் காப்புகள் மாட்டப்படுகின்றன.

முற்றத்தில் வைக்கப்படும் உறுப்புகளுக்குக் காற்றே எதிரியாகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று சதுரமீட்டருக்கு ஏறக்குறைய 60 நியூட்டன் அழுத்தம் தரும். 24 மீட்டர் நீளமும் 4 மீட்டர் விட்டமும் உள்ள கோபுரப் பிரிவின் மீது, உருளை வடிவத்துக்கான குறைப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால், இது ஏறத்தாழ 400 கிலோகிராம் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசை. காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகி 1.6 டன்னாகும். கோபுரப் பிரிவைவிட மிக இலேசான, அகன்ற இதழுக்கு இவ்விசை இன்னும் கடுமையான விளைவைத் தரும். எனவே இதழ்கள் வேர்ப்பக்கத்திலும் நுனிப்பக்கத்திலும் சட்டங்களில் பூட்டித் தரையோடு கட்டப்படுகின்றன.

விபத்துகளும் அவற்றின் காரணங்களும்

பாரம் கையாளும் விபத்துகள் பெரும்பாலும் சில வகைகளுள் அடங்கும்: எடையைக் குறைத்து மதிப்பிடுதல், தேய்ந்த அல்லது அடையாளமற்ற துணைக்கருவியைப் பயன்படுத்துதல், பாரத்தைப் பக்கவாட்டில் இழுத்தல், ஆப்பு வைக்காத உருளை உருளுதல், பாரத்தின் கீழ் ஆள் நிற்றல். கடைசியாகக் கூறியது தனிக் காரணம் அன்று. ஆனால் மற்ற நான்கையும் பொருட்சேதத்தோடு நிறுத்துவதா உயிர்ச்சேதமாக்குவதா என்பதை அதுவே முடிவு செய்கிறது.

உருளும் இடர் புறக்கணிக்கப்படுவது மிகுதி. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற, கண்ணுக்குப் புலப்படாத சரிவில்கூட 70 டன் உருளையை 700 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை கீழ்நோக்கித் தள்ளுகிறது. தரையில் வைக்கும் முன்பே இருபுறமும் ஆப்பு வைக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

1999 சூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் விளையாட்டரங்கக் கூரையின் 400 டன்னுக்கு மேற்பட்ட பகுதியைத் தூக்கிய 'பிக் புளூ' என்னும் பாரந்தூக்கி பலத்த காற்றில் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தனர். பொறியின் மீது விழும் காற்றுவிசை கணக்கிடப்பட்டிருந்தும், அகன்ற பாரத்தின் மீது விழும் காற்றுவிசை கணக்கில் சேர்க்கப்படவில்லை. காற்றாலை உறுப்புகளைத் திறந்தவெளியில் தூக்குவோருக்கு இது நேரடியான பாடமாகும்.

2020 ஆகத்து 1 அன்று விசாகப்பட்டினத்தில் உள்ள இந்துசுத்தான் கப்பல் தளத்தில் 70 டன் பாரந்தூக்கி ஒன்று சோதனையின்போது சரிந்து 11 பேர் இறந்தனர். பொறியைப் பணிக்கு ஏற்கும் முன் செய்யப்படும் சோதனையும் ஒரு பாரத்தூக்கே என்பதையும், அப்போது தேவைக்கு மேற்பட்டோர் அருகில் இருக்கக் கூடாது என்பதையும் இந்நிகழ்வு உணர்த்தியது.

பாதுகாப்பு நடைமுறைகள்

ஒரு தூக்கில் பங்கேற்போரின் கடமைகள் பிரிக்கப்பட்டுள்ளன. பாரத்தைக் கட்டுபவர், சைகை காட்டுபவர், பொறியை இயக்குபவர் என மூவர் அடிப்படையாக வேண்டும். பாரங்கட்டுவோர் பல ஆலைகளில் 'கலாசி' அல்லது 'ரிக்கர்' என அழைக்கப்படுகின்றனர். பின்பற்றப்படும் பொது விதிகள் வருமாறு:

இயக்குபவர் ஒருவரின் சைகையை மட்டுமே ஏற்க வேண்டும். 'நிறுத்து' என்ற சைகையை மட்டும் எவர் காட்டினாலும் ஏற்க வேண்டும்.

பாரத்தை முதலில் சில சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி நிறுத்தி, சாய்வும் கட்டும் நிறுத்தியும் சரிபார்க்கப்பட வேண்டும்.

பாரத்தின் பாதையில் ஆட்கள் இல்லாதபடி வழி ஒதுக்கப்பட வேண்டும். தொங்கும் பாரத்தை விட்டுவிட்டு இயக்குபவர் அகலக் கூடாது.

கூரிய விளிம்புக்கும் பட்டைக்கும் இடையே காப்பு வைக்க வேண்டும். அடையாளச் சீட்டு இழந்த பட்டையைப் பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும்.

வாய் விரிந்த கொக்கி, இழைகள் அறுந்த கம்பிக் கயிறு, முடிச்சுப் போட்ட பட்டை ஆகியவற்றை வெட்டி அழிக்க வேண்டும். ஒதுக்கி மட்டும் வைத்தால், அவசரத்தில் எவரேனும் மீண்டும் எடுத்துப் பயன்படுத்திவிடுவர்.

சட்டம்

இந்தியாவில் இத்துறைக்கான அடிப்படை விதிகளை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. அதன் 29ஆம் பிரிவு, தூக்கு பொறிகளும் சங்கிலி, கயிறு முதலிய துணைக்கருவிகளும் தகுதியுடைய ஒருவரால் 12 மாதங்களுக்கு ஒரு முறையேனும் முழுமையாக ஆராயப்பட்டுப் பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும் என்றது. பாதுகாப்பான வேலைச் சுமை கருவியில் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்றும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்றும் விதித்தது. பாரந்தூக்கியின் தடத்தில் அடிபடக்கூடிய இடத்தில் ஒருவர் பணிபுரியும்போது பொறி அவரை 6 மீட்டருக்குள் நெருங்காமல் தடுக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். காயம் விளைவிக்கக்கூடிய அளவு கனமான பாரத்தை எவரையும் சுமக்க வைக்கக் கூடாது என்று 34ஆம் பிரிவு கூறியது. இச்சட்டம், 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஆலைகளைக் கண்காணிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆகும்.

பெரிய ஆலைகளில் ஆய்வும் பதிவேடும் வழக்கமாகிவிட்டன. ஒப்பந்தத் தொழிலாளரைக் கொண்டு இயங்கும் சிறு பட்டறைகளில் நிலைமை வேறுபடலாம். அங்குப் பாரங்கட்டுதல் தனித்திறனாகக் கருதப்படாமல், பற்றவைப்பவரோ உதவியாளரோ இடையிடையே செய்யும் வேலையாகிவிடும் இடர் உள்ளது. பற்றவைப்பவருக்குத் தகுதிச் சான்று கேட்கப்படும் அளவுக்குப் பாரங்கட்டுபவருக்குக் கேட்கப்படுவதில்லை.

சாலைப் போக்குவரத்து

ஆலையிலிருந்து வெளியேறும் உறுப்பு சாலையில் மீஅளவுச் சரக்கு ஆகிறது. மைய மோட்டார் வாகன விதிகள் சரக்கு வண்டியின் அகலத்தை 2.6 மீட்டராக வரையறுக்கின்றன. 4 மீட்டர் விட்டமுள்ள பிரிவு இதனை வெகுவாக மீறுவதால் சிறப்பு இசைவு தேவைப்படுகிறது. கோபுரப் பிரிவைச் சில வண்டிகளில் தளத்தின் மீது ஏற்றாமல், முன்னும் பின்னும் உள்ள சக்கரத் தொகுதிகளின் தாங்கிகளோடு விளிம்புகளைப் பூட்டிக் கொண்டுசெல்வர். அப்போது உருளையே வண்டியின் முதுகெலும்பாகப் பணிபுரிகிறது. இதனால் உயரம் குறைந்து பாலங்களின் அடியில் செல்வது எளிதாகிறது.

பெரம்பலூரைக் கடக்கும் சென்னை–திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலை நான்கு வழிச்சாலை ஆனமை இத்தகைய ஊர்திகளுக்கு உதவியாக உள்ளது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடங்களே கடினமானவை. நீண்ட இதழ் திரும்பும்போது அதன் நுனி சாலைக்கு வெளியே பெரிய வில் ஒன்றை வரைகிறது. கூர்வளைவு, தாழ்ந்த மின்கம்பி, கிராமத் தெருவின் குறுகிய திருப்பம், வலுக்குறைந்த சிறுபாலம் ஆகியவற்றை முன்கூட்டியே அளந்து வழி முடிவு செய்யப்படுகிறது. ஏற்றுமதி உறுப்புகள் தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகம் முதலியவற்றின் வழியே அனுப்பப்படுகின்றன.

அளவின் எல்லை

கோபுரம் உயர உயர அதன் அடிவிட்டம் அகல வேண்டும் என்பது கட்டமைப்பின் தேவை. ஆனால் பாலங்களின் உயரம் காரணமாகச் சாலையில் கொண்டுசெல்லத்தக்க விட்டம் ஏறக்குறைய 4.3 மீட்டர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. விட்டத்தை அகலமாக்க முடியாதபோது தகட்டைத் தடிப்பாக்க நேர்கிறது. எடையும் செலவும் கூடுகின்றன. இதனைத் தவிர்க்க நீளவாட்டில் பிளந்த துண்டுகளைத் தளத்தில் திருகாணியால் இணைக்கும் கோபுரங்களும், அடிப்பகுதி கற்காரையாலும் மேற்பகுதி எஃகாலும் ஆன கலப்புக் கோபுரங்களும் உலகின் பல பகுதிகளில் பயன்படுத்தப்படுகின்றன. பின்னல் அமைப்பும் உருளையும் கலந்த உயரமான கோபுரங்களை இந்தியாவிலும் நிறுவியுள்ளனர். சிலர் சேர்ந்து சுமக்கக்கூடிய சட்டங்களைக் கைவிட்டு உருளைக்கு மாறிய தொழில், உருளையைக் கையாள முடியாத உயரத்தை எட்டியபோது மீண்டும் சிறு துண்டுகளை நாடியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

காற்றுத் திறன்
பாரந்தூக்கி
முப்பந்தல்
தொழிற்சாலைகள் சட்டம், 1948
பெரம்பலூர் மாவட்டம்
அரியலூர் மாவட்டம்